இரண்டாவது டிராயர்

அப்பாவின் நோட்டில் இருநூற்றுப் பதினான்கு மீன்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைக்கூட அவர் பிடிக்கவில்லை. தப்பிப் போன மீன்களை மட்டுமே அவர் எழுதிவைத்தார். தேதி, இடம், தூண்டிலில் கட்டிய செயற்கை ஈ, போன காரணம். பிடித்ததை ஏன் எழுதுவதில்லை என்று ஒருமுறை கேட்டேன். "அதைப் பத்தி எழுத என்ன இருக்கு? கையில வந்தாச்சு, முடிஞ்சுது" என்றார்.

இருநூற்றுப் பதின்மூன்று காரணங்கள் உண்மை. கடைசிக் காரணம் பொய்.

"ஏப்ரல் 6. அடுப்பு மடு. பச்சை கேடிஸ் புழு. முடிச்சு. என்னுடையது."

முடிச்சு அவிழவில்லை. அவர் இறந்து ஐந்து வாரம் கழித்து இது எனக்குத் தெரிந்தது. அதனால் எழுதுகிறேன்.

அப்பாவின் பெயர் ரோமன் வில்கோஷ். மிச்சிகன் மாநிலத்து மனிஸ்டீயில் பிறந்தார். காகித ஆலையில் முப்பத்தாறு வருடம் இயந்திரம் பழுதுபார்த்தார். ஒரு பேரிங் உடைந்தால் மாற்றிவிட்டுப் போகிறவர் இல்லை. உடைந்ததைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, சமையலறை மேசையில் செய்தித்தாள் விரித்து, ஏன் உடைந்தது என்று பார்ப்பார். அம்மாவுக்கு அந்த கிரீஸ் நாற்றம் ஆகாது. எனக்குப் பத்தொன்பது வயதானபோது அம்மா அரிசோனாவுக்குப் போய்விட்டாள். சண்டை எதுவும் இல்லை. அவள் கிளம்பிய தேதியிலும் நோட்டில் ஒரு மீன் இருக்கிறது. காரணம்: "கவனம் இல்லை."

அந்த மேசைதான் என்னைப் படிக்கவைத்தது என்று சொல்லலாம். நான் உலோகவியல் படித்தேன். கிராண்ட் ராப்பிட்ஸில் ஒரு சோதனைக்கூடத்தில் வேலை. உடைந்த போல்ட், வளைந்த தண்டு, அறுந்த கம்பி என்று பெட்டி பெட்டியாக வரும். முறிந்த முனையைப் பார்த்துக் காரணம் சொல்வது என் பிழைப்பு.

அப்பாவுக்கு வருடம் என்பது மார்ச் நடுவில் தொடங்கும். மிச்சிகன் ஏரியிலிருந்து ஸ்டீல்ஹெட் மீன்கள் முட்டையிட ஆற்றில் ஏறி வரும் காலம் அது. முதல் நாள் அவர் தூண்டில் கோலை எடுத்துப் போக மாட்டார். ஒரு வெள்ளைச் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போவார். முழங்கால் தண்ணீரில் நின்று கற்களைப் புரட்டுவார். கல்லின் அடியில் மணலை ஒட்டவைத்துக் கூடு கட்டிக்கொண்டு கேடிஸ் புழு இருக்கும். கூட்டைக் கிள்ளிப் புழுவை உரித்துத் தட்டில் வைத்துப் பார்ப்பார். ஒரு வருடம் பட்டாணிப் பச்சை. ஒரு வருடம் மஞ்சள் கலந்த பச்சை. அந்த நிறம் வரும்வரை முயல் மயிருக்குச் சாயம் ஏற்றுவார். சாயமேற்றிய மயிரை நாக்கில் நனைத்துத்தான் நிறம் பார்ப்பார்.

"சாயத்தை நக்காதீங்கப்பா."

"மீன் இதைத் தண்ணியிலதானே பார்க்கப் போகுது?"

வளைந்த தூண்டில் முள்ளில் ஈயக் கம்பியை எட்டுச் சுற்று. மேலே முயல் மயிரை நூலில் முறுக்கிச் சுற்றினால் உடம்பு. மெல்லிய செம்புக் கம்பியை இடைவெளி விட்டுச் சுற்றினால் புழுவின் மடிப்புகள். தலைக்கு மயில் பீலி இரண்டு இழை. இதை ஈ என்று சொல்வது வழக்கம். இதற்குச் சிறகு கிடையாது. பார்க்க அரை அங்குல நீளப் பச்சைப் புழு. பத்து ராத்தல் மீன் இதற்கு வாய் திறக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள்.

எங்கள் ஆற்றில் ஒரு வழக்கம் உண்டு. கோல் யாருடையது, ஈ யார் கட்டியது, யார் இழுத்தார் என்று யாரும் பார்ப்பதில்லை. ஈயைத் தூண்டில் நரம்பில் யார் முடிச்சுப் போட்டாரோ, மீன் அவருடையது. ஆர்வில் டெக்கர் என்று அப்பாவின் நண்பர். பாலத்தடியில் தூண்டில் கடை வைத்திருக்கிறார். வெளியூர்க்காரர்களுக்கு முடிச்சுப் போட்டுக் கொடுத்துவிட்டு, "இந்த வருஷம் நாற்காலியை விட்டு எழுந்திரிக்காமலே நாப்பது மீன் பிடிச்சிருக்கேன், வேறெவனுக்காவது முடியுமா?" என்பார். வேடிக்கைதான். ஆனாலும் ஊர்க்காரர் எவரும் தன் முடிச்சை இன்னொருவரிடம் கொடுக்க மாட்டார்.

டிசம்பரில் அப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. கோடை வரை என்றார் மருத்துவர். சிகிச்சை மருந்தில் விரல் நுனிகளில் உணர்ச்சி போய்விட்டது. பிப்ரவரியில் சட்டைப் பொத்தானைக் கண்ணாடி பார்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். நூலை விரல் உணராமல் ஈ கட்ட முடியாது. மூன்று இரவு முயன்றார், மூன்றையும் குப்பையில் போட்டார்.

"டெஸ், ஏப்ரல்ல ஒரு மீன் வேணும்."

"சரிப்பா."

"ஒண்ணே ஒண்ணு. கையில பிடிக்கணும். திரும்ப விட்டுடலாம்."

என்னிடம் அவர் எதுவும் கேட்டதில்லை. அதனால் இதை எப்படியாவது கொடுத்துவிட வேண்டும் என்று இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் ஓட்டி வந்தேன். ஏப்ரல் ஐந்தாம் தேதி, ஆற்றுக்குப் போவதற்கு முந்தைய நாள் பிற்பகல், முள்ளைக் கவ்விப் பிடிக்கும் அவருடைய வைஸுக்கு முன்னால் நான் உட்கார்ந்தேன். அவர் போர்வை போர்த்திக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். நுண்ணளவுக் கருவியான காலிப்பரை வைத்து ஈயின் உடம்பு நீளத்தை அளந்தேன்.

"எத்தனை?"

"பதினாலு மில்லிமீட்டர்."

"அந்தப் புழு உன்னை மாதிரி காலேஜுக்குப் போகல. கொஞ்சம் கோணலாத்தான் இருக்கும். விடு."

"நீங்க சும்மா இருங்க."

"மயிர் ஜாஸ்தி. இது புழுவா, கம்பளிச் சட்டையா?"

பிரித்துவிட்டு மறுபடி சுற்றினேன். நான்கு ஈ கட்டினேன். நன்றாகவே வந்தன. நாலாவதைக் கட்டும்போது கேட்டார்.

"முள்ளு ரெண்டாவது டிராயர்லதானே எடுத்தே?"

"ஆமாப்பா."

பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. குரல் காதில் விழுந்தது, கேள்வி விழவில்லை. பீலி இழை அறுந்துவிடக் கூடாதே என்று அதில் கண்ணாக இருந்தேன். நூல் எடுப்பதற்காக முதல் டிராயர் ஏற்கெனவே திறந்திருந்தது. அதில் எட்டாம் எண் முள் பாக்கெட் இருந்தது. அதே வளைவு, அதே பழுப்பு நிறம். எண்ணைப் பார்த்தேன், எடுத்தேன்.

முதல் டிராயரில் இருந்தவை கோடையில் சின்ன டிரவுட்டுக்குப் போடுகிற மெல்லிய கம்பி முட்கள். ஸ்டீல்ஹெட்டுக்கு உரிய தடித்த கம்பி முட்கள் இரண்டாவதில். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பாக்கெட்டில் எண்ணுக்குக் கீழே சின்ன எழுத்தில் போட்டிருக்கும். அளவை மட்டும் படித்துவிட்டுத் தரத்தைப் படிக்காமல் போல்ட் வாங்கிய ஆட்களைப் பற்றி நான் எத்தனையோ அறிக்கை எழுதியிருக்கிறேன்.

காலையில் ஆர்வில் கடையில் ஈயக்குண்டு வாங்க நிறுத்தினோம். அப்பா இருபது கிலோ இளைத்திருந்தார். ஆர்வில் அதைப் பார்க்காதது போலப் பேசினார்.

"வாடா ரோமன். என்ன, பொண்ணு கட்டின ஈயா? வெட்கமா இல்ல?"

"உன் கடை ஈயைப் போடுறதுக்கு இது எவ்வளவோ மேல்."

"டெஸ், பேசாம முடிச்சையும் நீயே போட்டுடு. இவன் கை இருக்கிற லட்சணத்துக்கு..."

"முடிச்சு என்னுது" என்றார் அப்பா. சிரிக்காமல் சொன்னார். ஆர்வில் காப்பியை ஊற்றிக் கொடுத்துவிட்டு, காசு வாங்கவில்லை.

அடுப்பு மடுவுக்கு அந்தப் பெயர் வரக் காரணமான இரும்பு அடுப்பு நான் பிறப்பதற்கு முன்பே வெள்ளத்தில் போய்விட்டது. வண்டியிலிருந்து இருநூறு அடி நடந்தால் போதும் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தோம். அந்த இருநூறு அடிக்கு நான்கு முறை நின்றார். மரத்தில் சாய்ந்து நின்று முடிச்சுப் போட்டார். நரம்பை முள்ளின் காதில் கோர்க்கவே ஐந்து நிமிடம் ஆயிற்று. ஐந்து சுற்று. எச்சிலில் நனைத்தார். பல்லில் ஒரு முனையைக் கடித்து இழுத்து இறுக்கினார். நான் கையை நீட்டினேன்.

"நான் போடுறேன்ப்பா."

"போட்டா அது உன் மீன். எனக்கு என் மீன் வேணும்."

இந்த மாதிரி மீன்பிடிப்பில் எல்லாமே தொடு உணர்ச்சிதான். ஈயக்குண்டு அடிக் கற்களில் தட்டிக்கொண்டே போகும். டக், டக், டக். தட்டுவது நின்றால் மீன். அப்பாவின் விரலுக்கு எதுவும் தெரியவில்லை. பத்து முறை வீசிய பிறகு, நரம்பை ஒரு வளையமாக எடுத்துக் கீழுதட்டில் வைத்துக்கொண்டார். "இங்க தெரியுது" என்றார், உதட்டை அசைக்காமல். அப்புறம் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

பதினொரு மணி சுமாருக்குத் தட்டுவது நின்றது. அவர் கோலைத் தூக்கினார். மீன் ஒருமுறை முழு உடம்பும் தெரியத் துள்ளியது. பெண் மீன். பத்து ராத்தலுக்குக் குறையாது. நான் கைவலையோடு இருபது அடி கீழே ஓடினேன். அவர் ஏழெட்டு நிமிடம் அதை வைத்திருந்தார். முகத்தில் நிறம் வந்திருந்தது. பிறகு மீன் நீரோட்டத்தோடு திரும்பிக் கீழே விழுந்து கிடந்த மரத்தை நோக்கிப் போனது.

"விடாதீங்க! மரத்துக்குள்ள போயிடும்! பிடிங்க!" என்று கத்தினேன்.

பிடித்தார். கோல் அடிவரை வளைந்தது. பிறகு நேராக நின்றது.

அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மெதுவாக நரம்பைச் சுற்றினார். முனையை வாயருகே கொண்டுபோனதைப் பார்த்தேன். நான் ஏறி வந்தபோது நரம்பு வெறுமையாகத் தொங்கியது.

"முடிச்சு" என்றார்.

எனக்கு அழுகை வரப் பார்த்தது. அழுகைக்குப் பதிலாகக் கோபம் வந்தது.

"நான் போடுறேன்னு சொன்னேன்ல. சொன்னேன்ல அப்பா. கேட்டீங்களா? ரெண்டு மாசமா இதுக்காகத்தானே... ஒரு முடிச்சை விட்டுக்கொடுக்க முடியலையா உங்களால?"

"ஆமா. தப்பு என்மேலதான்."

"எதுக்கு இந்தப் பிடிவாதம்?"

"வண்டியில ரொட்டி இருக்கு. வா, பசிக்குது" என்றார்.

அவிழ்ந்த முடிச்சு நரம்பின் முனையைச் சுருட்டிவிட்டுப் போகும், பன்றி வால் மாதிரி. எந்த மீன்காரருக்கும் இது தெரியும். அன்று அந்த முனை நேராக இருந்தது. பல்லால் கடித்த முனை. முனையைப் பார்ப்பதுதான் என் தொழில். நான் அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

வண்டியில் ஈரல் சாசேஜ் வைத்த ரொட்டியைப் பாதி தின்றார். பாதியைக் காகிதத்தில் சுற்றி வைத்தார். திரும்பும் வழியில் ஆர்வில் கடை வாசலிலேயே நின்றிருந்தார்.

"என்னடா ஆச்சு?"

"முடிச்சு அவுந்துடுச்சு."

 ஆர்விலுக்கு வேறு என்ன செய்வது என்று தெரிந்திருக்காது. கேலி செய்தார். "நாப்பத்தஞ்சு வருஷம் முடிச்சு போட்டு என்னடா பிரயோஜனம்? அடுத்த தடவை ஷூ லேஸ் கட்டுற மாதிரி கட்டுடா." அப்பா தலையை ஆட்டிச் சிரித்தார். மறுவாரம் ஆர்வில் ஒரு படகுக் கயிற்றில் குழந்தைகள் போடும் கோணல் முடிச்சு ஒன்றைப் போட்டு, "ரோமன் முடிச்சு" என்று அட்டை எழுதிக் கல்லாவுக்கு மேலே தொங்கவிட்டார். அப்பா ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு, "என்னைவிட நல்லாத்தான் போட்டிருக்கான்" என்று வந்து சொன்னார்.

மீதி மூன்று ஈக்களை அன்றே என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். "என்கிட்ட இருக்கட்டும்."

"அடுத்த வாரம் மறுபடி போகலாம்ப்பா. அது உங்ககிட்ட இருந்தா எதுல பிடிக்கிறது?"

"போதும்மா. பார்த்தாச்சு."

அடுத்த வாரம் கண்ணெல்லாம் மஞ்சளாகி மருத்துவமனைக்குப் போனார். அதன் பிறகு ஆற்றுக்குப் போகவில்லை. நான்கு மாதம் நான் அவரைக் கவனித்துக்கொண்டேன். அந்த நான்கு மாதத்தில் ஆற்றங்கரையில் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. மனதின் ஓரத்தில், அவர்மீதுதான் தவறு என்று இருந்தது. அவ்வளவு சின்னப் பிடிவாதத்தால் கைக்கு வந்ததைக் கெடுத்துக்கொண்டாரே என்று இருந்தது. ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி காலை, வீட்டில், தூக்கத்தில் போனார்.

அடக்கம் முடிந்து தேவாலயக் கூடத்தில் சாப்பாடு. ஹாம் வைத்த பன், உருளைக்கிழங்கு சாலட். ஆர்வில் எழுந்து நாலு வார்த்தை பேசினார். "ரோமன் எந்த இயந்திரத்தையும் சரிபண்ணுவான். ஒரு முடிச்சு போடத்தான் தெரியாது. சவப்பெட்டியை இறக்குற கயித்தை நான்தான் ரெண்டு தடவை பார்த்தேன், இவன் கட்டியிருக்கப் போறானேன்னு." கூடம் சிரித்தது. சிரித்துக்கொண்டே ஆர்வில் அழுதார். நானும் சிரித்தேன்.

செப்டம்பர் கடைசியில் வீட்டை ஒழிக்கப் போனேன். அவருடைய மீன்பிடி அங்கியின் முதுகில் உரிமச்சீட்டு வைக்கும் பிளாஸ்டிக் உறை குத்தியிருந்தது. அந்த வருடச் சீட்டை உருவினேன். பின்னாலிருந்து ஒரு சின்னக் காகிதப் பொட்டலம் விழுந்தது. ரொட்டி சுற்றிய காகிதம்.

உள்ளே நான் கட்டிய ஈக்கள் நான்கு. மூன்றின் முள் வளைந்திருந்தது, கட்டியபடியே. ஒன்றின் முள் நிமிர்ந்து, கிட்டத்தட்ட ஆணிபோல் இருந்தது. பச்சை மயிர் ஒரு பக்கம் பல் பட்டுக் கிழிந்திருந்தது. முள்ளின் காதில் கால் அங்குல நரம்பும் ஒரு முடிச்சும் இருந்தன.

மேசைக்குக் கொண்டுபோய் விளக்கைப் போட்டேன். பெரிதாக்கும் கண்ணாடியை இழுத்தேன். ஐந்து சுற்று. ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல், இடைவெளி இல்லாமல். சோதனைக்கூடத்தில் இதைப் போடச் சொன்னால் என்னால் இவ்வளவு சுத்தமாகப் போட முடியாது. உணர்ச்சியில்லாத விரலாலும் பல்லாலும் போட்டது. அது நகரவே இல்லை. மீனின் இழுப்பில் நிமிர்ந்தது முள்தான்.

காலிப்பரை எடுத்தேன். நிமிர்ந்த முள்ளின் கம்பி அரை மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டியது. இரண்டாவது டிராயரைத் திறந்தேன். அங்கே இருந்த முள் முக்கால் மில்லிமீட்டரையும் தாண்டியது. முதல் டிராயரில் அந்த மெல்லிய முள் பாக்கெட் இல்லை. வீடு முழுக்கத் தேடினேன். எங்கேயும் இல்லை. அவர் அதை எடுத்து எறிந்திருக்கிறார். நான் எப்போதாவது அந்த டிராயரைத் திறந்து பார்த்துவிடுவேன் என்று.

பொட்டலத்தை மட்டும் ஏன் எறியவில்லை என்று எனக்குத் தெரியாது. உடைந்த பாகத்தை அவர் எப்போதும் எறிந்ததில்லை. அதுவாக இருக்கலாம்.

ஆர்வில் கடைக்குப் போனேன். ஆள் யாரும் இல்லை. பொட்டலத்தைக் கல்லாமேல் பிரித்து வைத்தேன். மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு குனிந்தார். விரலால் தொடவில்லை.

"இது அன்னிக்குப் போட்டதா?"

"ஆமா. சின்ன டிரவுட் முள்ளு. நான்தான் எடுத்தேன்."

"முடிச்சு நிக்குதே."

"நிக்குது."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கல்லாமேல் வைத்தார்.

"அஞ்சு மாசமா அவனைப் பேசியிருக்கேன், டெஸ். படுக்கையில கிடந்தப்பக்கூட போய், என்னடா முடிச்சுன்னு... சிரிச்சான். சர்ச்சுல வேற."

"நீங்க விளையாட்டுக்குப் பேசினீங்க. நான் நெஜமாத் திட்டினேன்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல அவன்?"

"சொன்னா நீங்க என்கிட்ட சொல்லிடுவீங்க."

"சொல்லியிருப்பேன்" என்றார்.

முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். எழுபது வயது ஆள், நான் முக்காலியைப் பிடித்துக்கொண்டேன். கயிற்றை இறக்கி மடியில் வைத்து அட்டையைப் பிய்த்தார். பிறகு முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். புழுதி ஏறி இறுகியிருந்தது. நகத்தால் பார்த்தார், ஸ்குரூடிரைவரால் பார்த்தார்.

"நான் போட்ட முடிச்சு. சனியன், வர மாட்டேங்குது பாரு" என்றார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. கயிற்றோடு போராடிக்கொண்டே இருந்தார். நான் வெளியே வந்துவிட்டேன்.

வண்டியில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தேன். கடைசிப் பக்கத்தில் அவருடைய எழுத்து. மற்ற எழுத்தையெல்லாம்விடப் பெரிது, கோணல். பேனாவை விரலில் உணராமல் எழுதியது. அந்த வரியை அடிக்கலாம் என்று பேனாவை எடுத்தேன். அவர் கையெழுத்தில் கடைசி வரி அது. அடிக்கவில்லை. அதற்குக் கீழே, அவர் எழுதும் முறையிலேயே, தேதி, இடம், ஈ எழுதினேன். காரணம்: முள். என்னுடையது.

முடிச்சு அவருடையது. அது அவிழவில்லை. எங்கள் ஆற்று வழக்கப்படி அந்த மீன் அவருடையது.